மேடே இல்லாத ஊரில் முட்டி வலி

தஞ்சாவூர்ப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "உங்களுக்கென்ன, எல்லாம் சமவெளி." ஏற்காடு, கொல்லிமலை ஏறுகிறவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் என் வலது முட்டி வலியெடுத்து அதற்காக அலைந்த பிறகு, வலிக்குப் பாதிக் காரணம் இந்தச் சமவெளிதான் என்று அடித்துச் சொல்வேன்.

மலையில் ஏற்றம் இருந்தால் இறக்கமும் வரும். இறக்கத்தில் கால் சும்மா இருக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்போம். தஞ்சாவூரிலிருந்து பூதலூர், திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை போகிறபோது, மேடு என்று சொல்ல இருப்பவை பாலங்கள்தான். பெடலை நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தாலே இரண்டு மணி நேரத்தில் ஒரு முட்டி 8,400 தடவை ஒரே மாதிரி மடங்கி நீள்கிறது. சீட் உயரம் தப்பாக இருந்தால் அந்தத் தப்பும் 8,400 தடவை. போதாததற்கு ஆனி, ஆடி மேல்காற்று. மேட்டூர் திறந்து தண்ணீர் வருகிற காலமும் அதுதான். புதுத் தண்ணீர் பார்க்கிற ஆசையில் எல்லோரும் கல்லணைப் பக்கம், அதாவது காற்றுக்கு நேர் எதிரே கிளம்புவோம். பெரிய கியரில் அழுத்தி அழுத்தி மிதித்தால் அது மலையேற்றம் மாதிரிதான். என்ன, மலைக்கு உச்சி உண்டு.

வலி முதலில் சைக்கிளில் வரவில்லை. பள்ளிக்கூட மாடிப்படி இறங்கும்போது முட்டிச் சிப்பிக்குப் பின்னால் ஒரு குடைச்சல். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால், குத்துக்காலிட்டுக் கோலம் போட்டால். அடுத்து, வண்டியில் ஏறின அரை மணியிலேயே. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எலும்பு டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நாப்பதைத் தாண்டியாச்சுல்லம்மா, சைக்கிளை விட்டுடுங்க" என்றார். மாத்திரை சாப்பிட்டவரை வலி இல்லை, நிறுத்தினதும் வந்துவிட்டது.

உருப்படியாக ஏதாவது நடந்தது பிசியோதெரபி போன பிறகுதான். அந்தப் பெண்ணுக்கு என் மாணவிகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். முட்டியை அமுக்கிப் பார்த்தவள், "வலி முன்பக்கமா, பின்பக்கமா, வெளிப்பக்கமா டீச்சர்?" என்று கேட்டாள். முன்பக்கம் என்றதும், "அடுத்த தடவை வண்டியையும் கொண்டாங்க" என்றாள்.

கொண்டுபோனேன். சுவரோரம் வண்டியை நிறுத்தி என்னை ஏறி உட்காரச் சொல்லி, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைக்கச் சொன்னாள். கால் நேராக நீள வேண்டும். எனக்கு நன்றாகவே மடங்கி நின்றது. வண்டி வாங்கின கடையில், நிற்கும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை இறக்கித் தந்திருந்தார்கள்; பெண்கள் வண்டி என்றாலே அப்படித்தான் தருவார்களோ என்னவோ. சீட் தாழ்ந்தால் முட்டி அதிகம் மடங்கும், சிப்பி தொடை எலும்பின்மேல் அழுந்தும். முன்பாதத்தால் மிதிக்கும்போது, பெடல் அடியில் இருக்கையில் முட்டியில் 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு இருந்தால் போதும். அதற்காக ஒரேயடியாக ஏற்றிவிடவும் கூடாது. ரொம்ப உயர்ந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், வலி முட்டியின் பின்பக்கம் போய்விடும். ஐந்து ஐந்து மில்லிமீட்டராக ஏற்றி, ஒவ்வொரு உயரத்திலும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, வலி நின்ற உயரத்தில் சீட் போஸ்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். சர்வீஸுக்கு விட்டால் யாராவது இறக்கி வைத்துவிடுவார்கள்.

உடற்பயிற்சிதான் அலுப்பு. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக இறங்குவது. முட்டி வலிக்கு இடுப்புக்கு ஏன் பயிற்சி என்று கேட்டேன். படியில் இறங்கும்போது என் முட்டி உள்பக்கம் சாய்வதைப் போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். இடுப்புத் தசை பிடித்து நிறுத்தாததால்தான் சாய்கிறதாம். முட்டி தேறும்வரை முழு ஓய்வும் வேண்டாம், வலி தெரியாத தூரம் மட்டும் போகலாம் என்றாள். பக்கத்திலிருக்கும் கரந்தை வரை போய்த் திரும்புகிறவளைப் பார்த்துக் கூட ஓட்டுகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இந்தச் சமயத்தில்தான் கியரையும் மாற்றினேன். 15 நொடி வலது முட்டி மேலே வருவதை எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். மீட்டர் வாங்க வேண்டாம். என்னுடையது எதிர்காற்றில் 60க்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. இப்போது சின்ன கியரில் 80க்கு மேல் வைக்கிறேன். வேகம் குறையும், முட்டி பேசாமல் இருக்கும். தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பார்கள். வேதவாக்கு இல்லை, ஆனால் விடுமுறை விட்டதும் பூம்புகார் வரை போகத் துடிக்கிறவர்களுக்கு ஒரு கடிவாளம்.

முட்டி தேறிவிட்டது, ஆடியிலும் கல்லணை போய் வந்தாயிற்று. மிச்சம் இருப்பது கை. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் விழும். மணிக்கட்டுப் பக்கம் ஓடுகிற நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பேப்பர் திருத்த உட்கார்ந்தால் சுண்டுவிரல் இருக்கிறதா என்றே தெரியாது. சீட்டை மட்டமாக்கி, பிடிக்கிற இடத்தை அடிக்கடி மாற்றுவதில் பாதி குறைந்திருக்கிறது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்திப் பார்க்கலாம் என்கிறாள் பிசியோதெரபிப் பெண். அரையாண்டு லீவு விட்டதும் வண்டியை மறுபடி அங்கே கொண்டுபோக வேண்டும்.