ஜோடிப் படம்: புகைப்படச் செய்முறைத் தேர்வுக்குப் பழகும்போது கவனிக்க வேண்டியவை

ஒருவரைத் தனியாக நன்றாக எடுக்கத் தெரிந்தவர்கள்கூடத் திறந்தவெளி ஜோடிப் படத்தில் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். ஒரு முகத்துக்குப் பொருந்தும் ஃபோகஸும் வெளிச்சமும் பக்கத்து முகத்துக்குப் பொருந்தாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம். போஸ் பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த இரண்டையும் பழகுங்கள்.

முதலில் ஃபோகஸ். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 85 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, எஃப்/1.8-இல் வைத்து இரண்டரை மீட்டர் தள்ளி நின்றால், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 9 செ.மீ. மட்டுமே. ஒருவர் மற்றவர் தோளுக்குப் பின்னால் சாய்ந்தாலே முகங்களுக்கு இடையே அதைவிடக் கூடுதல் தூரம் வந்துவிடும். பின்னால் இருப்பவரின் கண் மங்கியிருப்பது கேமராவின் சின்னத் திரையில் தெரியாது. அங்கேயே பெரிதாக்கி, இருவர் கண்ணையும் பார்த்துவிடுங்கள். திறப்பைச் சுருக்கி எஃப்/4 வைத்தால் அந்த ஆழம் 20 செ.மீ. அளவுக்கு வரும். பின்னணி மங்கல் குறைகிறதே என்றால் ஜோடியைப் பின்னணியிலிருந்து எட்டு, பத்து மீட்டர் முன்னே நகர்த்துங்கள். எஃப்/1.8 கட்டாயம் வேண்டுமா? நெற்றியோடு நெற்றி ஒட்டி, பக்கவாட்டு முகம் தெரிய நிற்க வையுங்கள். அப்போது இரு முகமும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்.

தானாகக் கண்ணைத் தேடும் ஃபோகஸ் இரண்டு முகம் கண்டால் அங்குமிங்கும் தாவும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, முன்னால் இருப்பவரின் கண்ணில் வையுங்கள்.

வெளிச்சத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். உச்சி வெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும். கட்டட நிழலின் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தினால் இருவருக்கும் ஒரே மாதிரி மென்மையான ஒளி கிடைக்கும். மரத்தடி பார்க்க அழகு, ஆனால் இலை இடுக்கில் விழும் வெயில் ஒருவர் கன்னத்திலும் மற்றவர் நெற்றியிலும் திட்டுத்திட்டாக விழும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. நிற்க வைப்பதற்கு முன் உங்கள் உள்ளங்கையை அந்த இடத்தில் நீட்டித் திருப்பிப் பாருங்கள், திட்டு விழுகிறதா என்று உடனே தெரிந்துவிடும். புல்தரையின் பச்சை தாடைக்கு அடியில் ஏறுவதையும் கவனியுங்கள்.

பக்கவாட்டு வெயிலில் உயரமானவரின் நிழல் குட்டையானவர் முகத்தில் விழும். குட்டையானவரை வெயில் பக்கம் மாற்றுங்கள், அல்லது சூரியனை இருவர் முதுகுக்கும் கொண்டுபோங்கள். சூரியன் பின்னால் இருக்கையில் கேமரா பின்னணியை நம்பி முகங்களை இருட்டாக்கும். கேமரா கணித்த வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அளவில் தொடங்கிப் பாருங்கள். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் என்ற மறைப்பைப் போடாவிட்டால் படம் வெளிறிப்போகலாம்.

இருவர் நிறமும் வேறுபட்டால், வெளிர் நிறத்தவரின் முகம் வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரை வைத்து, அடர் நிறத்தவரை ஒளிக்கு அருகே நிறுத்துங்கள். ஒளியைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் பலகையும் அவர் பக்கமே இருக்கட்டும். வெள்ளைப் பரப்பு போதும். தங்க நிறம் பக்கத்தில் இருப்பவரை மட்டும் மஞ்சளாக்கிவிடும். பிறகு நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்த வசதியாக, சென்சார் தரவை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

நிற்பவர்களுக்கு 1/250, நடப்பவர்களுக்கு 1/500 ஷட்டர் வேகம் வையுங்கள். 35 மி.மீ. லென்ஸில் கிட்டப்போனால் ஓரத்தில் இருப்பவரின் முகம் இழுபடும். உயர வித்தியாசத்துக்கு உயரமானவர் காலை அகட்டி நிற்கலாம், அல்லது மற்றவர் படியில் ஏறலாம். பின்னணிக் கோடு கழுத்தை வெட்டாமல் கேமராவைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பிடியுங்கள். முழங்கால், மணிக்கட்டு போன்ற மூட்டுகளில் ஃபிரேமை வெட்டாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரே ஜோடி, ஒரே இடம் போதும். எஃப்/1.8, 2.8, 4 ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுத்து, நூறு சதவீதம் பெரிதாக்கி, நான்கு கண்களும் கூர்மையாக உள்ள படங்களை எண்ணுங்கள். அடுத்த நாள் அப்பர்ச்சரை மாற்றாமல், ஜோடியை 45 பாகை, 45 பாகையாகத் திருப்பி எட்டுத் திசையிலும் எடுங்கள். எந்தத் திசையில் யார் முகத்தில் நிழல் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தேர்வன்று ஒவ்வொரு போஸுக்கும் நான்கைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள், இரண்டு பேரில் ஒருவராவது கண் சிமிட்டிவிடுவார்.