எச்சரித்துக்கொண்டே வெட்டியது

லினக்ஸில் சில ஆண்டுகள் புழங்கிவிட்டு விண்டோஸுக்குத் திரும்புகிறவர்களை ஒரு நோய் பிடிக்கும். சொந்தக் கோப்புகளை ‘ஹோம்’, நிரல்களை ‘பின்’, அமைப்புகளை ‘எட்ஸி’ ஃபோல்டரில் கண் தானாகத் தேடும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று பெயருக்கு நடுவே இடைவெளி விட்ட ஃபோல்டரைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எனக்கும் பிடித்தது. சி டிரைவின் உச்சியிலேயே ஹோம், யூஎஸ்ஆர், எட்ஸி, ஆப்ட், வார் என ஐந்து ஃபோல்டர்களை உருவாக்கினேன். அதற்கு இரண்டு நிமிடம் ஆனது. மிச்ச ஞாயிற்றுக்கிழமையை ‘பாத்’ என்ற சூழல் மாறி விழுங்கிவிட்டது. நாம் தட்டும் கட்டளையை எந்தெந்த ஃபோல்டர்களில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் பட்டியல் அது.

யூஎஸ்ஆருக்குள் ஒரு ‘பின்’ ஃபோல்டர் வைத்து, அதைப் பாத்தில் சேர்க்க வேண்டும். சூழல் மாறிகளுக்கான பெட்டியைத் திறந்து ஒரு வரி சேர்த்திருந்தால் முடிந்திருக்கும். கறுப்புக் கட்டளைத் திரையில் தட்டினால்தான் வேலை செய்ததாக ஒப்புக்கொள்ளும் வீம்பு எனக்கு. சூழல் மாறிகளை எழுதி வைக்கும் செட்எக்ஸ் கட்டளையில் பழைய பாத் முழுவதையும் போட்டு, கடைசியில் அரைப்புள்ளி வைத்துப் புது ஃபோல்டரை ஒட்டி என்டர் தட்டினேன். இரண்டு வரிகள் வந்தன. சேமிக்கும் தரவு 1024 எழுத்துகளோடு வெட்டப்படுகிறது என்றது முதல் வரி. ‘வெற்றி’ என்றது அடுத்தது. நான் இரண்டாவதை மட்டும் படித்தேன்.

வெட்டலாமா என்று கேட்டால் அது எச்சரிக்கை. வெட்டிக்கொண்டே சொல்வதற்கு என்ன பெயர்?

புதிதாக ஒரு திரை திறந்தால் பைத்தான் நிரலைக் காணவில்லை, கிட் நிரலும் இல்லை. பயனர் பாத்தில் மட்டும் செட்எக்ஸ் எழுதியதால் கணினிக்குரிய பாத் தப்பித்தது. ஆனால் இரண்டும் ஒட்டித்தான் பாத் மாறி நமக்குக் கிடைக்கிறது. முன்னால் கணினியுடையது, பின்னால் பயனருடையது. வால் வெட்டுப்பட்டதால் நான் சேர்த்து வைத்திருந்தவைதான் மொத்தமாகப் போயின. கடைசியில் ஒட்டிய யூஎஸ்ஆர் ஃபோல்டரும் அதோடு போய்விட்டது. எதற்காக இத்தனையும் செய்தேனோ அதுவே இல்லை.

காப்பாற்றியது காலையில் திறந்து மூடாமல் விட்டிருந்த ஒரு கட்டளைத் திரை. ஓடிக்கொண்டிருக்கும் திரை, தான் பிறந்தபோது இருந்த மாறிகளையே வைத்துக்கொண்டிருக்கும். மாறியில் இருப்பதைக் காட்டும் எக்கோ கட்டளையை அதில் கொடுத்ததும் பழைய பாத் முழுதாக வந்து விழுந்தது. நோட்பேடில் ஒட்டி, இரட்டித்தவற்றைக் களைந்து, கடைசியில் அந்தப் பெட்டியைத் திறந்துதான் சேர்த்தேன். பாத்தைத் தொடுவதற்கு முன் அதை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள். எல்லாத் திரைகளையும் மூடிவிடும் ஒழுங்கான ஆளாக நான் இருந்திருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன்.

அடுத்து ஃபைண்ட். கோப்புகளைத் தேடும் லினக்ஸ் பாணியிலான ஃபைண்ட் கட்டளையை யூஎஸ்ஆரில் வைத்திருந்தேன். தட்டினால், பாராமீட்டர் வடிவம் சரியில்லை என்கிறது. ஒரு நிரல் எங்கே இருக்கிறது என்று காட்டும் ‘வேர்’ (where) கட்டளையில் பார்த்தால் இரண்டு ஃபைண்ட்; முதலில் நிற்பது விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32-இல் உள்ளது. கணினி பாத் முந்திக்கொள்வதன் வேலை இதுவும். என்னுடையதைச் சிஸ்டம்32-க்கு முன்னால் தள்ளலாம்தான். விண்டோஸ் ஃபைண்டை நம்பி எழுதிய பேட்ச் கோப்புகள் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்புகள்) அதன்பின் உடையும். என் ஃபைண்டுக்கு ‘ஜிஃபைண்ட்’ என்று பெயர் மாற்றிவிட்டேன். தோல்விதான், ஆனால் வேலை நடக்கிறது.

விண்டோஸின் யூசர்ஸில் இருக்கும் என் ஃபோல்டரை ஹோம் என்ற பெயரிலும் திறக்கும்படி இணைக்க எம்கேலிங்க் கட்டளை. விண்டோஸின் புதிய கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் அப்படி ஒரு கட்டளையே இல்லை. அது பழைய கட்டளைத் திரைக்குள்ளேயே கட்டப்பட்டது. லினக்ஸில் அசல் முதலில், இணைப்பு பிறகு, இங்கே தலைகீழ். பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தேன், ‘கோப்பு ஏற்கெனவே இருக்கிறது’ என்றது. வரிசையைத் திருத்தினேன். அதே பிழை, எழுத்து மாறாமல். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: காலையில் நானே உருவாக்கிய காலி ஹோம் ஃபோல்டர் வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. அதை அழித்ததும் ஒரே தட்டலில் இணைந்தது. இணைப்பு நகல் இல்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள். உள்ளே போய் அழித்தால் அசலே அழியும். இணைப்பு வேண்டாமென்றால் வெளியே நின்று ஃபோல்டரை நீக்கும் ஆர்எம்டிர் கட்டளையைக் கொடுங்கள், வேறு எதையும் சேர்க்காமல்.

யூசர்ஸ், புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டையும் இடம் பெயர்க்கும் யோசனையும் வந்தது. நிறுவிய நிரல்கள் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் முழு முகவரியை எழுதி வைத்திருக்கின்றன என்பது நினைவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

எட்ஸியைப் பற்றி ஒரு வேடிக்கை. இணையப் பெயர்களுக்கான முகவரிகளை எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தப் போனபோதுதான் கவனித்தேன், சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் ஃபோல்டரில் விண்டோஸே ஒரு எட்ஸி வைத்திருக்கிறது. என்னுடைய எட்ஸி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.