1930-க்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்?

பழனி மலையின் கீழ்மலைக் கிராமங்களில் நான்கு வருடம் வன உரிமை மனு, அதாவது காட்டில் தங்கள் அனுபவத்தில் இருக்கும் நிலத்துக்கு உரிமை கேட்கும் மனு, எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். தாண்டிக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்தால் ஓர் ஓடை வரும். ஓடைக்கு அந்தப் பக்கம் பளியர் குடியிருப்பு, இந்தப் பக்கம் புலையர் குடியிருப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மண்சுவர் வீடுகள், நாலு காப்பிச் செடி, பலாவில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. தேனுக்கும் கடுக்காய்க்கும் ஒரே காட்டுக்குள்தான் போகிறார்கள்.

மனுவில் மட்டும் இருவரும் வேறு வேறு கட்டத்தில் வருவார்கள். பளியர் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். புலையர் தமிழ்நாட்டில் பட்டியல் சாதி. அதனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அவர்கள் ‘இதர பாரம்பரிய வனவாசிகள்’. பளியர் ஒருவர், 2005 டிசம்பர் 13-க்கு முன்பே நிலம் தன் அனுபவத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். புலையர் அதையும் காட்டி, அதற்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டில் குடியிருந்ததையும் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930-க்குப் போய் நிற்கும். கையெழுத்துப் போடத் தெரிந்த பெரியவர்கள் மூன்றே பேர் இருக்கும் ஊரில், 1930-ஆம் வருடத்துக் காகிதத்துக்கு எங்கே போவது?

இப்போதுள்ள சாதிச் சான்றிதழால் பிள்ளைகள் படிப்புக்கு உதவி கிடைக்கிறது, அதைப் புலையர் மறுக்கவில்லை. நாங்கள் காட்டுச் சனம் என்பதை அரசாங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்வது லேசுப்பட்ட காரியமில்லை. மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் இந்தியத் தலைமைப் பதிவாளரும் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் சம்மதிக்க வேண்டும், அப்புறம் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். நரிக்குறவர்களுக்கு அது 2023-இல்தான் கைகூடியது.

அதனால் இருக்கிற சட்டத்தை வைத்தே முயன்றோம். வன உரிமை விதிகளில் 13-ஆவது விதி எனக்குப் பெரிய தைரியம். மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம், கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாமே சான்று என்கிறது அது. ஆனால் தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2008 முதல் 2016 வரை உரிமைப் பத்திரம் கொடுப்பதே நின்று கிடந்தது. அந்த எட்டு வருடத்தில், சாட்சி சொல்லியிருக்க வேண்டிய எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மிச்சமிருந்தவர்களில் ஒரு பாட்டி. வயது அவருக்கே தெரியாது. “எந்த வருஷம்னு கேட்டா நான் எங்க போவேன் தம்பி? தாது வருஷப் பஞ்சத்துல கீழ்நாட்டுச் சனம் கஞ்சிக்கு மலையேறி வந்துச்சாம். எங்க பூட்டி கிழங்கு தோண்டி அவிச்சுப் போட்டதா எங்காத்தா சொல்லும்” என்றார். தாது வருடம் 1876. நோட்டில் எழுதிவிட்டுப் பக்கத்திலேயே வருடத்தைக் குறித்தேன், கை நடுங்கியது. பிறகு இடுகாட்டுக்குக் கூட்டிப் போனார். நட்டுவைத்த கற்கள், பாதி மண்ணுக்குள். ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எங்கப்பன், இது அவங்கப்பன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆறாவது கல்லில் பெயர் மறந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மனுக்கள் ஒரே வரியில் திரும்பி வந்தன: ‘75 ஆண்டு சான்று இல்லை.’ ஏன் என்று கேட்கப்போன அலுவலகத்தில், “கல்லையும் கதையையும் எப்படி சார் ஃபைல்ல வைக்கிறது?” என்றார் ஒருவர். சட்டம் கேட்பது 75 வருடக் குடியிருப்பைத்தான், அந்தக் குறிப்பிட்ட வயலை 75 வருடம் உழுததை அல்ல என்று விளக்கினேன். காதில் வாங்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம். அதே 13-ஆவது விதியில் ‘கெசட்டியர்’ என்றொரு வார்த்தையும் இருக்கிறது; மாவட்டத்தின் ஊர், மக்கள் விவரங்களை அரசாங்கம் தொகுத்து அச்சிட்ட புத்தகம் அது. 1906-இல் அச்சான மதுரை மாவட்ட கெசட்டியரில் பழனி மலைப் புலையர் வருகிறார்கள். ஆனால் எப்படி? அடுத்தவர் நிலத்தில் உழைக்கும் அடிமைகளாக. அதை கிராம சபையில் வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. நிலம் வாங்க இந்த இழிவைத்தான் சான்றாக நீட்ட வேண்டுமா? தயங்கித் தயங்கித்தான் வாசித்தேன்.

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. பாட்டிதான் பேசினார். “அவன் எப்படி எழுதினா என்ன தம்பி? நாங்க இங்க இருந்தோம்னு எழுதியிருக்கான்ல. அதையும் சேத்து வை.”

சேர்த்து வைத்தேன். அந்தப் பக்கத்தின் நகல், பாட்டியின் கைரேகை பதிந்த வாக்குமூலம், ஆறு கற்களின் புகைப்படம், கிராம சபைத் தீர்மானம். 52-ஆவது நாள் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினோம். நான் அந்த வேலையை விட்டு வரும்வரை பதில் வரவில்லை.