சைக்கிள்ல பைக் ஹாரன் மாட்டுன கதை, மூணாவது ரவுண்டு

போன ஆடியில ஆரம்பிச்ச வேலை, தை பொறந்துதான் ஒரு நிலைக்கு வந்திருக்கு. நடுவுல ரெண்டு தடவை எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டாச்சு, ஒரு தடவை தெருவையே எழுப்பி விட்டாச்சு. இதே கிறுக்கு வேற யாருக்காவது பிடிச்சிருந்தா அவங்களுக்குக் கொஞ்சம் காசாவது மிச்சமாகட்டும்னு எழுதுறேன்.

முதல்ல நம்ம ரூட். ஊரு சேலம், வீடு அஸ்தம்பட்டி, வேலை சூரமங்கலம் பக்கம். சாரதா காலேஜ் ரோடு புடிச்சு அஞ்சு ரோடு வந்து அங்கிருந்து ஜங்ஷன் ரோட்டுல போகணும். அஞ்சு ரோட்டுல ரெண்டடுக்குப் பாலம் வந்ததெல்லாம் கார்காரங்களுக்கு, நாம எப்பவும் போல கீழதான். ஞாயித்துக்கிழமைன்னா ஏற்காடு, கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. கியர் வச்ச ஹைப்ரிட் சைக்கிள், வயசு ஆறு, எனக்கு நாப்பத்தி மூணு.

ஹாரன் நெனப்பு வந்தது ஒரு பஸ்ஸால. அஞ்சு ரோடு தாண்டி ஸ்டாப்புல நாலு பேர் கை காட்டுறாங்க, என் பின்னாடி வந்த பஸ் ஒன்னு என்னைத் தாண்டி அப்படியே லெப்ட்ல ஒடிச்சு பிளாட்பாரத்தோட ஒட்டி நிக்குது, நான் அந்த பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல சாண்ட்விச் ஆகாம தப்பிச்சது பிரேக் புண்ணியம். பெல் அடிச்சேன்ங்க, ட்ரிங் ட்ரிங்னு கை வலிக்க அடிச்சேன். பக்கத்துல நின்ன பூக்காரம்மா மட்டும் திரும்பிப் பாத்தாங்க.

அப்புறம் யோசிச்சா அதுல தப்பு டிரைவர் காதுல இல்ல. சைக்கிள் பெல் சத்தம் கீச்சு சத்தம், ரெண்டாயிரம் மூவாயிரம் ஹெர்ட்ஸ் அளவுல. நடந்து போறவங்களுக்கு நல்லா கேக்கும், மனுஷக் காதுக்கு அந்த இடம்தான் ரொம்ப கூர்மை. ஆனா கண்ணாடி ஏத்தி ஏசி போட்ட காருக்குள்ள கீச்சு சத்தம்தான் முதல்ல செத்துப் போகும், கனத்த அடித்தொண்டை சத்தம் கொஞ்சம் நுழையும். கார் ஹாரனெல்லாம் நானூறு ஐநூறு ஹெர்ட்ஸ் சுத்துலயே இருக்கு பாருங்க, சும்மா இல்ல. இதுபோக தூரம் ரெண்டு மடங்கானா ஆறு டெசிபெல் போயிரும், திறந்தவெளில அதான் கணக்கு. பத்து மீட்டர்ல இருக்கிறவனுக்கு என் பெல்லு கொசு.

முதல் ரவுண்டு, காத்து ஹாரன். ஆன்லைன்ல கிடைக்கிற அந்த பாட்டில் டைப். பிளாஸ்டிக் பாட்டில்ல சைக்கிள் பம்பாலேயே காத்தடிச்சு வச்சுக்கணும், 80 பிஎஸ்ஐ அழுத்தம் கிட்ட, ஒரு டியூப் வந்து ஹேண்டில்பார்ல இருக்கிற ஊதுகுழலுக்குப் போகும். அட்டையில 115 டெசிபெல்னு போட்டிருந்தான். போன்ல ஆப் போட்டு அளந்து பாத்தேன், அது ஒரு காமெடி, போன் மைக்கு நூறைத் தாண்டுனா வாயடைச்சுப் போயிருது, எதை அடிச்சாலும் ஒரே நம்பர் காட்டுது. அளக்கிறதை அத்தோட விட்டேன்.

சத்தம் என்னமோ நெசமாவே பயங்கரம். முத நாள் ரொம்ப குஷி. ரெண்டாம் நாள் சாரதா காலேஜ் ரோட்டுல முன்னாடி ஒரு கார் இண்டிகேட்டர் இல்லாம கதவைத் திறக்க, நான் ஒரே அமுக்கு. கார்காரர் கதவை சாத்திட்டாரு, சரி. ஆனா எனக்கு வலது பக்கம் டிவிஎஸ் மொபெட்ல போன ஒரு பெரியவர், பின்னாடி ரெண்டு மூட்டை கட்டியிருந்தாரு, அவரு அதிர்ந்து போய் வண்டி ஆட்டம் கண்டு ஒரு காலை ஊனி நின்னுட்டாரு. "ஏன் தம்பி இப்படி?"ன்னு கேட்டாரு. திட்டியிருந்தாக்கூட பரவால்ல. கார்ல இருக்கிறவனுக்காக அடிக்கிற சத்தத்துல முதல் அடி வாங்குறது கண்ணாடி இல்லாதவங்கதான், அது எனக்கு அன்னிக்கு வரைக்கும் உறைக்கவே இல்ல.

இதுல இன்னொரு தொல்லை காத்து. பத்து பதினஞ்சு அமுக்குக்கு அப்புறம் பாட்டில் தளர்ந்து, நெருக்கடியான நேரத்துல பார்த்து ஈளை வந்த கெழவர் மாதிரி இழுக்கும். தினமும் காலைல லுங்கியோட நின்னு பம்ப் அடிக்கிறதைப் பாத்துட்டு வீட்டம்மா, "ஏங்க, டயருக்குக்கூட இவ்வளவு அடிக்க மாட்டீங்களே"ன்னாங்க. ஒரு மாசத்துல கழட்டியாச்சு.

ரெண்டாவது ரவுண்டு எலக்ட்ரிக். செவ்வாய்பேட்டைல ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை, போய் பைக் ஹாரன் ஒன்னு கேட்டேன்.

"எந்த வண்டிங்ணா?"

"சைக்கிளுக்கு தம்பி."

பையன் ரெண்டு செகண்ட் என்னைப் பாத்தான். உள்ள திரும்பி, "அண்ணே, சைக்கிளுக்காம்"னான். உள்ளிருந்து, "ஆம்புலன்ஸ் சைரன் வேணுமான்னு கேளுடா"ன்னு குரல். ஆனா மனுஷன் வெளிய வந்து உக்காந்து அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தாரு, அதை மறக்கக் கூடாது. பின்னாடி இருக்கிற சின்ன ஸ்க்ரூவை கால் திருப்பு திருப்புனா சத்தம் எப்படி தொண்டை கட்டுது, எப்படி தெளியுதுன்னு பேட்டரி வச்சு அடிச்சுக் காட்டுனாரு.

கணக்கு சிம்பிள். பைக் ஹாரன் 12 வோல்ட், ரெண்டரை ஆம்பியர் இழுக்கும். 18650ங்கிற சைஸ் லித்தியம் பேட்டரி செல் மூணு சீரிஸ்ல போட்டா ஃபுல் சார்ஜ்ல 12.6 வோல்ட், கூட ஒரு பிஎம்எஸ் போர்டு, செல்லு அளவுக்கு மீறி ஏறாம, இறங்காம காக்குறது. அரை செகண்ட் அமுக்குனா செலவாகுறது 0.35 மில்லி ஆம்பியர் ஹவர்தான். 2600 மில்லி ஆம்பியர் ஹவர் செல்லுன்னா ஆயிரம் அமுக்குக்கு 350 போகும், அவ்வளவுதான், வருஷக்கணக்கா ஓடும்னு குதிச்சேன். ஹாரன், செல்லு, டப்பா எல்லாம் சேத்து அரைக் கிலோ தாண்டல.

மாட்டுறதுலதான் முத சறுக்கல். ஹாரனோட ஒரு வளைஞ்ச பட்டைத் தகடு வரும்ல, அதை அசிங்கமா இருக்குன்னு கழட்டிட்டு நேரா ஃபோர்க்கோட ஜிப் டை போட்டு இறுக்கிட்டேன். அடிச்சா ப்ர்ர்ர்னு எருமை தும்முற சத்தம். கடை அண்ணனுக்கு போன் போட்டா சிரிக்கிறாரு, "அந்த தகடு ஸ்ப்ரிங் மாதிரிங்க, ஹாரன் தானா அதிரணும், கட்டிப் போட்டா எப்படி பாடும்." தகடைத் திரும்ப மாட்டி, வாய் லேசா கீழ பாக்குற மாதிரி வச்சேன், மழைத்தண்ணி நிக்காது.

அடுத்தது சுவிட்ச். வீட்டுல கெடந்த ஒரு சின்ன புஷ் பட்டன், அரை ஆம்பியர் தாங்குற பட்டன், அதுலயே நேரா ரெண்டரை ஆம்பியரை ஓட்டுனேன். தெரியும், தப்புன்னு தெரியும், ரெண்டு நாள்தானேன்னு ஒரு அலட்சியம். ஹாரனுக்குள்ள ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள் இருக்கு, அது உள்ள இருக்கிற மெல்லிசு தகட்டை இழுக்கும், இழுத்த உடனே காண்டாக்ட் விட்டுப் போகும், திரும்ப ஒட்டும், இப்படி செகண்டுக்கு நானூறு தடவை. காயில் சமாச்சாரம்னாலே விடும்போதெல்லாம் பொறி பறக்கும், அந்தப் பொறி பட்டனுக்குள்ளயும் கொஞ்சம் கொஞ்சமா பொசுக்கிக்கிட்டே இருந்திருக்கு.

ஒரு ஞாயிறு காலை அஞ்சரை மணி, கோரிமேடு. குறுக்க ஒரு நாய். லேசா ஒரு தட்டு தட்டுனேன், நாய் போயிருச்சு, ஹாரன் நிக்கல. பட்டனுக்குள்ள காண்டாக்ட் ரெண்டும் ஒட்டிக்கிச்சு. பேஏஏன்னு ஒரே நீட்டு. இறங்கி பட்டனைக் குத்துறேன், புடுங்குறேன், ஒயரெல்லாம் டேப் சுத்தி அழகா ஃபிரேமுக்குள்ள விட்டிருக்கேன், இழுக்க ஒரு முனை கிடைக்கல. ஒரு வீட்டு லைட் எரியுது, ரெண்டாவது வீட்டு லைட் எரியுது, கோலம் போட வந்த அம்மா வாளியோட நிக்கிறாங்க. கடைசியா டப்பா மூடியைப் பல்லால கடிச்சு இழுத்து கனெக்டரைப் பிடுங்குன அப்புறம் வந்த அமைதி இருக்கே. "கல்யாண ஊர்வலமா?"ன்னு ஒரு மாடியில இருந்து கேட்டாரு ஒருத்தர். அன்னிக்கு ஏற்காடு போகல, வீட்டுக்குத் திரும்பிட்டேன்.

மூணாவது ரவுண்டுலதான் ரிலே வந்துச்சு. முதல்லயே போட்டிருக்க வேண்டியது. சின்ன கரண்டால பெரிய கரண்டை ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச் அது. 12 வோல்ட் ஆட்டோ ரிலே, கால்ல நம்பர் போட்டிருக்கும், 85, 86 ரெண்டு காலும் பட்டன் பக்கம், 30ல பேட்டரி, 87ல ஹாரன். பட்டன் வழியா போறது ரிலே காயிலுக்கான சொற்ப கரண்ட் மட்டும். பட்டன்ல பொறி பறக்காம இருக்க காயிலுக்கு குறுக்க ஒரு டயோடு, பேட்டரி பக்கத்துல அஞ்சு ஆம்பியர் ஃபியூஸ், அப்புறம் முக்கியமா கை எட்டுற இடத்துல ஒரு கில் சுவிட்ச், மொத்த கரண்டையும் கட் பண்றது. கோரிமேடு மறக்கல.

பட்டன் இடம்தான் ரொம்ப நாள் படுத்துச்சு. முதல்ல ஹேண்டில் நடுவுல ஸ்டெம் மேல வச்சிருந்தேன், பாக்க நல்லா இருந்துச்சு. அடிவாரம் இறங்கும்போது புரிஞ்சுது, ஹாரன் அடிக்க ஒரு கை பிரேக்கை விட்டு வரணும். சரிவுல முப்பது கிலோமீட்டர் வேகம்னாலே செகண்டுக்கு எட்டு மீட்டர் போயிருவோம், கை போய் வர ஒரு செகண்ட், நீங்களே பாத்துக்கங்க. இப்போ இடது க்ரிப்புக்கும் கியர் மாத்துற ஷிஃப்டருக்கும் நடுவுல, ரெண்டு விரல் பிரேக் லீவர்ல இருக்கும்போதே கட்டைவிரல் போய்த் தொடுற இடம். மேல பழைய டியூப் ரப்பரை வெட்டி மூடி ஒட்டியிருக்கேன், மழைக்கும் ஆச்சு, இருட்டுல தடவுனா தெரியறதுக்கும் ஆச்சு. பெல்லு வலது பக்கம் அப்படியே இருக்கு. ஆளு நடந்து போனா, மொபெட்டு போனா பெல்லுதான். ஹாரன் கண்ணாடி ஏத்துன ஆளுங்களுக்கு மட்டும்.

இதை வச்சு பத்து வாரம் ஓட்டி பாக்கெட் நோட்டுல குறிச்சு வச்சேன், எங்க அடிச்சேன், என்ன ஆச்சுன்னு. நல்லா வேலை செஞ்சது ரெண்டே எடத்துல. ஒன்னு, சந்துல இருந்தோ பெட்ரோல் பங்க்ல இருந்தோ மூக்கை நீட்டுற கார். டிரைவர் காதுல கார் சத்தம் விழுது, கால் தானா பிரேக்குக்குப் போகுது, அப்புறம்தான் சைக்கிள்னு பாக்குறாரு. அந்த முகத்தைப் பாக்கணுமே, ஏமாந்த கோவமும் சிரிப்பும் கலந்து. ரெண்டாவது, மலைல கண்ணு தெரியாத வளைவு. இறங்கும்போது கொண்டை ஊசிக்கு இருபது மீட்டர் முன்னாடி ஒரு சின்ன பீப், மேல ஏறி வர்ற வேன்காரர் உள்பக்கம் வெட்டாம தன் பக்கம் ஒட்டி வர்றாரு. ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டிதான் வழி விடணும்னு 2017 டிரைவிங் ரெகுலேஷன்ல இருக்கு, அதனால இறங்கும்போது ஹாரன் அடிச்சுட்டு நான்தான் ஒதுங்குவேன். குரங்குங்க இருக்கிற வளைவுல அடிக்கிறதில்ல, ஒரு தடவை அடிச்சு ஒன்னு பயந்து ரோட்டுக்குள்ளயே பாஞ்சுது, நல்ல வேளை பின்னாடி வண்டி இல்ல.

ஆகாத இடம்தான் ஜாஸ்தி. பஸ்ஸுக்கு ஆகல. எந்த பஸ்ஸால இதை ஆரம்பிச்சேனோ அதே மாதிரி பஸ்ஸுக்கு ஆகல! நம்மூர்ல ஹாரன்னா 'ஜாக்கிரதை' இல்ல, 'வரேன்', 'போறேன்', 'நல்லா இருக்கியா' எல்லாம் அதுதான். ஏர் ஹாரனோட பொழப்பு நடத்துற டிரைவருக்கு என் ஒத்த பைக் ஹாரன் சுண்டக்காய். ஒரு கண்டக்டர் மட்டும் படியில நின்னு எட்டிப் பாத்துட்டு, "வண்டி எங்கப்பா?"ன்னு என்னையே கேட்டாரு. இப்ப பஸ் என்னைத் தாண்டி லெப்ட்ல ஒடிச்சா ஸ்டாப் வரப்போகுதுன்னு நானே பின்வாங்கி வலது பக்கமா எடுத்துக்கறேன், அதுக்கு ஹாரனே வேண்டியதில்ல. பின்னாடி இருந்து உரசிட்டுப் போறவனுக்கும் ஆகாது, அவன் போன அப்புறம்தானே நமக்கே தெரியுது.

கோவத்துக்கு அடிச்சது ஒரே ஒரு தடவை, அதையும் நோட்டுல எழுதியிருக்கேன். அஸ்தம்பட்டி ரவுண்டானா, ஒரு வெள்ளை கார் ஒட்டி உரசி போனான், நான் பின்னாடியே விடாம ஒரு அஞ்சு செகண்ட் அமுக்குனேன். அவன் அம்பது அடி தள்ளி நிறுத்தி கதவைத் திறந்து இறங்குனான். நான் சைக்கிள், அவன் ஆறடி. பக்கத்துல டீக்கடைல நின்னவங்க வந்து விலக்கி விட்டாங்க. அதுல யாரோ ஒருத்தர் என் ஹாரனைப் பாத்துட்டு, "இதெல்லாம் சைக்கிளுக்கு அலவுடாங்க?"ன்னு கேட்டாரு. சும்மா சும்மா ஹாரன் அடிச்சா ஆயிரம் ரூபா, அடுத்த தடவை ரெண்டாயிரம்னு 2019ல கொண்டு வந்தது மோட்டார் வண்டி ஓட்டுறவங்களுக்கு, சைக்கிள் மோட்டார் வண்டி இல்ல. ஆனா ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்டு சுத்தி நூறு மீட்டர் சைலன்ஸ் ஜோன்ல ஹாரனே அடிக்கக் கூடாது, அங்க நான் கில் சுவிட்சையே போட்டுடறேன்.

இப்போதைய நிலவரம்: கடைசி ரெண்டு வாரத்துல ஹாரன் பதினோரு தடவை, பெல்லு எண்ணல, நூறு இருக்கும். பொங்கலுக்கு சார்ஜ் போட்டது, இன்னும் 12.1 வோல்ட் நிக்குது. ஹாரனுக்கு செலவு பண்ணதுல பாதி காசுல ஒரு நல்ல மிரரும் பின்னாடி லைட்டும் வாங்கியிருக்கேன், மிரர் தான் அடிவாரம் ரோட்டுல ஆடுது, நட்டுக்கு நடுவுல ரப்பர் வாஷர் வச்சுப் பாக்கணும். கழட்டுன காத்து ஹாரனை பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான், குடுக்கல, அவங்க அம்மா என்னைக் கொன்னுடுவாங்க.