மரத்துப்போகாத வாய்

மருது என்ற குதிரையை லாரியிலிருந்து இறக்கிக் கொட்டடிக்குள் கட்டிவிட்டு வந்த மூத்த சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) அண்ணன், குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "பார்த்து ஏறம்மா. இவனுக்கு வாய் மரத்துவிட்டது. எவ்வளவு இழுத்தாலும் உறைக்காது."

ஏழு வயது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தரோபிரெட் இனக் குதிரை. எடை 480 கிலோ, என் எடை 56. கணக்கு அவ்வளவுதான். இவனை என் கை பலத்தால் நிறுத்த முடியாது என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. ஆனாலும் முதல் இரண்டு வாரம் நான் செய்ய முயன்றது அதைத்தான். டிராட்டில் (துள்ளுநடையில்) தொடங்கினால் மூன்றாவது சுற்றில் கேன்டர் (மிதமான பாய்ச்சல்), ஐந்தாவது சுற்றில் முழுப் பாய்ச்சல். நான் இழுக்க இழுக்க அவன் கழுத்தை நீட்டி, கடிவாளத்தின் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமெடுப்பான். இறங்கும்போது விரல்களை மடக்க முடியாது.

"குதிரையின் குணம் அறிந்துதான் கடவுள் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை" என்று சொல்லியபடி, அனுபவசாலி ஒருவர் பெல்ஹாம் கடிவாளத்தை எடுத்துக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை. வாயின் இரு பக்கமும் இரும்புத் தண்டு, தாடைக்கடியில் சங்கிலி. அடிபம்பின் கைப்பிடி நீளமாக இருந்தால் குழந்தைகூடத் தண்ணீர் அடித்துவிடுமே, அதே நெம்புகோல் தத்துவம். மேல்தண்டு 5 சென்டிமீட்டர், கீழ்த்தண்டு 10 சென்டிமீட்டர் என்றால், நான் கொடுக்கும் ஒரு கிலோ இழுவிசை வாய்க்குள் ஏறத்தாழ மூன்று கிலோவாக இறங்கும். சங்கிலி தாடையை அடியிலிருந்து நெரிக்கும்.

மருது நின்றான். இரண்டு நாள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கி, வாயைப் பிளந்து, முதுகைக் குழித்துக்கொண்டு நின்றான் என்பதை நான் பார்த்தேன். ஆனால் நின்றுவிட்டான் என்பதுதான் என் மனதில் பதிந்தது. மூன்றாம் நாள் கடிவாளத்தைக் கழற்றும்போது என் உள்ளங்கையில் வழிந்த நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. கடைவாய் கிழிந்திருந்தது. கிழித்தது கடிவாளமல்ல, அதன் மறுமுனையில் இருந்த என் கை. அன்றிரவு நான் தூங்கவில்லை.

மரத்துப்போன வாய் என்றால் ஏன் பிளக்க வேண்டும்? உணர்ச்சியே இல்லையென்றால் ஏன் தலையைத் தூக்கித் தப்பிக்கப் பார்க்க வேண்டும்? குதிரையின் கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அமர்வது அங்கேதான். உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் விரலால் அழுத்திப் பாருங்கள். சதை கிடையாது, மெல்லிய தோலும் உடனே எலும்பும்தான். குதிரையின் அந்த இடமும் அப்படித்தான், மெல்லிய ஈறும் அதற்கடியில் கூரான எலும்பு விளிம்பும். அது மரத்துப்போவதில்லை. தப்பிக்க வழியில்லாத வலியை எதிர்த்து முட்டிக்கொண்டு ஓட மட்டுமே குதிரை கற்றுக்கொள்கிறது.

மருது இன்னொன்றும் கற்றிருந்தான். பந்தயத்தில் ஜாக்கி லகானின் இரு வாரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துக் கழுத்தின் மேல் ஊன்றிக்கொள்வார். அந்தப் பிடியில் சாய்ந்துதான் குதிரை தன் சமநிலையைத் தேடிக்கொண்டு ஓடுகிறது. பிடி இறுகினால் ஓடு. வெற்றிக்கம்பத்தைத் தாண்டியதும் ஜாக்கி கால் வைக்கும் அங்கவடியில் எழுந்து நின்று பிடியைத் தளர்த்தினால் மெல்ல அடங்கு. இளம் வயதிலேயே ஊட்டப்பட்ட பாடம் இது. நான் முழு பலத்தோடு இழுத்தபோதெல்லாம் அவன் கீழ்ப்படியாமல் இல்லை. மிகச் சரியாகக் கீழ்ப்படிந்திருக்கிறான்.

மறுநாள் பெல்ஹாமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால்நடை மருத்துவரை அழைத்தேன். குதிரையின் பல் வாழ்நாள் முழுவதும் முளைத்துத் தேய்ந்துகொண்டே இருக்கும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கத்திபோல் கூர்மையாகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கீறும். மருதுவுக்கு இரண்டு கன்னத்திலும் புண் இருந்தது. அந்தக் கன்னத்தை அழுத்தித்தான் நான் வார் கட்டியிருந்தேன். மருத்துவர் அரத்தால் பற்களை ராவிக் கொடுத்தார். சேணமும் பொருந்தவில்லை. பந்தயத் தசை கரைந்து முதுகு மெலிந்திருந்ததால், முன்பக்கம் தோள்மேட்டைக் கவ்விப் பிடித்தது. வலியிலிருந்து முன்னோக்கி ஓடுவது குதிரையின் பிறவிக் குணம். முதுகில் வலி இருக்கும் குதிரையிடம் "மெதுவாகப் போ" என்று வாயில் சொல்வதற்கு என்ன பொருள்?

பிறகு தீவனம். ஓடுகிற குதிரைக்குப் போடும் அளவில் ஓட்ஸும் பார்லியும் இங்கேயும் போட்டுக்கொண்டிருந்தோம், வேலையோ நாளுக்கு ஒரு மணி நேரம். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரக்கிறது. நாளெல்லாம் மேய்வதற்காக அமைந்த வயிறு அது. இரண்டு வேளைத் தானியமும் நடுவில் வெறும் வயிறும் என்றால் புண் வருகிறது. பந்தயக் குதிரைகளில் இரைப்பைப் புண் மிகச் சாதாரணம். தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, புல்லும் உலர்புல்லும் எப்போதும் முன்னால் கிடக்கும்படி செய்தோம். காலையும் மாலையும் கயிறில்லாமல் திறந்த வெளியில் விட்டோம். எல்லாவற்றையும்விட இதுதான் அவனை மாற்றியது என்று நினைக்கிறேன். இருபத்துமூன்று மணி நேரம் கொட்டடியில் அடைபட்டவன், கதவு திறந்ததும் நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது எங்கள் தவறு.

மூன்று வாரம் அவன் மேல் ஏறவில்லை. தலைக்கயிறு மட்டும். நான் நின்றால் நிற்க வேண்டும். கயிற்றில் சிறிது அழுத்தம் வந்தால் ஓரடி பின்வாங்க வேண்டும். அவன் எடையைப் பின்னுக்குச் சாய்க்க நினைக்கிற அந்தக் கணத்திலேயே என் கை தளர வேண்டும். குதிரை கற்பது அழுத்தத்திலிருந்து அல்ல, அழுத்தம் விலகுவதிலிருந்து. ஒரு விநாடி தாமதித்தால், அந்த விநாடியில் அவன் வேறு என்ன செய்தானோ அதைக் கற்றுக்கொள்வான். இவ்வளவு ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்தும் என் கை எவ்வளவு மந்தம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏறியபோது வாயில் இட்டது நெம்புதண்டு இல்லாத சாதாரண ஸ்நாஃபிள் கடிவாளம், வழவழப்பான, சற்றுத் தடித்த இரும்பு. மூக்கு வாருக்கடியில் இரண்டு விரல் புகுமாறு தளர்த்தினேன். எனக்கு நானே விதித்துக்கொண்ட விதி ஒன்றுதான்: இரு கையாலும் சேர்த்துத் தொடர்ந்து இழுப்பதில்லை. சாய்வதற்குச் சுவர் இருந்தால்தானே சாய்வான்? விரல்களை மடக்கிக் கேட்பேன், உடனே விடுவேன். மீண்டும் கேட்பேன், மீண்டும் விடுவேன். கேட்பதற்கு முன் மூச்சை முழுதாக வெளியேற்றி இடுப்பின் அசைவை நிறுத்துவேன். பத்தடி நடை, நிறுத்தம், எட்டடி நடை, திருப்பம். நேர்கோட்டில் விடாமல் வளைந்து வளைந்து போக வைத்தேன். வளையும்போது பின்னங்கால் வயிற்றுக்கடியில் வந்து எடையைத் தாங்குகிறது. குதிரையின் உந்துவிசை பெரும்பாலும் பின்னங்காலில் இருக்கிறது. அங்கே இருப்பதை வாயில் பிடித்து நிறுத்தப் பார்த்ததுதான் எங்கள் எல்லோருடைய பிழையும்.

ஆறாவது வாரத்தில் ஒரு நாள் மூச்சை விட்டேன். லகானைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிட்டான். சைஸ் அண்ணன் வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. மாலையில் அவன் கொட்டடியில் புதிதாக வைக்கோல் பரப்பிவைத்திருந்தார்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. வெளியில் அழைத்துப்போன முதல் முறை, இன்னொரு குதிரை பக்கத்தில் பாய்ந்து போனதும் மருது பழைய பந்தயக் குதிரையாகிவிட்டான். இழுக்கத் துடித்த கைகளை அடக்குவதுதான் அன்று பெரிய வேலை. இடம் இருந்ததால் பெரிய வட்டத்தில் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினேன். முழு வேகத்தில் சட்டென்று தலையைத் திருப்பினால் குதிரை கால் தடுக்கி விழக்கூடும், ஆளோடு. அதனால்தான் அடங்கிய நடையில் நூறு முறை செய்து பழகாத எதையும் வெளியில் முயலக் கூடாது என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முள் வைத்த கடிவாளத்தை இன்றும் சுற்றுலா ஊர்களிலும் திருமண ஊர்வலங்களிலும் பார்க்க முடிகிறது. வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளே கூர்முனையும் முள்ளும் கொண்ட கடிவாளங்களைத் தடை செய்துவிட்டன. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதே சமயம், கடிவாளத்தையே கழற்றிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது பிடி மூக்கின் மேல் விழும்; மூக்கெலும்பின் கீழ்ப்பகுதியோ மெல்லியது. அங்கே மெல்லிய கயிற்றைக் கட்டி முரட்டுக் கையால் இழுத்தால் அதுவும் கொடுமையே. "அவனுக்கு ஒரு கடிவாளம் போடு" என்று அடக்குவதற்கே அந்தச் சொல்லைப் பழக்கிவைத்திருக்கிறோம். பேசுவதற்கும் அது உதவும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் மருது.

இப்போதும் அவன் வலுவான குதிரைதான். காற்றடிக்கும் நாட்களிலும், லாயத்தை நோக்கித் திரும்பும் வழியிலும் நடை நீளும். சிறுவர்களை அவன் மேல் நடைக்கும் டிராட்டுக்கும் மட்டுமே ஏற்றுகிறேன். போன வாரம் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவன் மேலிருந்து, "அக்கா, இழுக்கவா?" என்று கேட்டாள். "முதலில் மூச்சை விடு" என்றேன். விட்டாள். மருதுவின் ஒரு காது பின்னால் திரும்பியது. இரண்டடி கூடுதலாக நடந்துவிட்டுத்தான் நின்றான்.