மூன்று விநாடி

முனைவர் பட்ட ஆய்வில் ஐந்து ஆண்டுகள். அத்தனை காலத்திலும் ஒரு வகுப்பை எப்படித் தொடங்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரமே அறுபது மாணவர்கள் முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

சென்ற மாதம், புதிய ஆசிரியர்களுக்கான பயிற்சியில் வேதிச் சமநிலை பற்றிப் பத்து நிமிடம் பாடம் நடத்தினேன். பின்னால் அமர்ந்து குறிப்பெடுத்த மூத்த பேராசிரியை சொன்னார்: "ஏழு கேள்வி கேட்டீர்கள் தம்பி. ஏழுக்கும் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்."

கேள்வி கேட்டபின் மூன்று விநாடியாவது காத்திருந்தால் மாணவர்களின் பதில்கள் நீளும், ஆழப்படும் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே ஆய்ந்து காட்டியிருக்கிறார். அன்றுதான் அறிந்தேன்.

மறுநாள் வகுப்பில் காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, இதுவரை வாயே திறக்காத கடைசி வரிசைப் பெண் மெல்லக் கை உயர்த்தினாள்.

ஆய்வு மாணவர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 நெறிமுறை. வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு, ஆய்வகப் பணியும் தரலாம். நெறியாளர்களே, இதை வெறும் கையெழுத்தோடு முடித்துவிடாதீர்கள். உங்கள் மாணவர் பாடம் நடத்தும்போது ஒருமுறையாவது பின்வரிசையில் வந்து உட்காருங்கள்.