அனஸ்தாசியஸ் ஆட்சியேற்ற காட்சி: சிற்றுருவ வேலை இதுவரை

கி.பி. 491 ஏப்ரல் 11 அன்று கிழக்கு ரோமானியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளின் தேரோட்ட அரங்கில் முதலாம் அனஸ்தாசியஸ் பேரரசராக ஏற்கப்பட்ட காட்சியைச் சிற்றுருவங்களாகச் செய்யும் வேலை பாதியைக் கடந்திருக்கிறது. அவர் படைத்தலைவர் அல்லர். மறைந்த பேரரசர் சீனோவின் மனைவி அரியாத்னே தேர்ந்தெடுத்த, அறுபது வயதை ஒட்டிய அரண்மனை அலுவலர். அப்படிப்பட்டவரைப் படை தன்னவராக ஏற்றது எவ்வாறு என்பதைச் செய்து பார்த்தே புரிந்துகொள்ள விரும்பினேன்.

பத்தாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட அரண்மனைச் சடங்கு நூல் அன்றைய நிகழ்வுகளை வரிசையாகக் காத்து வைத்திருக்கிறது. அரங்கை நோக்கிய அரச மாடத்தில் கேடயத்தின் மேல் நின்ற அவரை வீரர்கள் உயர்த்தினர். படைப்பிரிவு அலுவலர் ஒருவர் தம்முடைய கழுத்து வளையத்தை அவர் தலையில் வைத்தார். அதுவரை தரையில் கிடத்தப்பட்டிருந்த படைக்கொடிகள் உடனே நிமிர்ந்தன. திருச்சபைத் தலைவர் யூஃபீமியஸ் மணிமுடி சூட்டியது அதற்குப் பிறகுதான். 360இல் பாரிஸில் ரோமானியப் படை பேரரசராக அறிவித்த ஜூலியனுக்கு வீரர்கள் கழுத்து வளையம் சூட்டியது மணிமுடி கையில் இல்லாததால். இங்கோ மணிமுடி தயாராக இருந்தும் வளையமே முதலில் வந்தது. படையின் கை படாமல் ஆட்சி தொடங்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது என்றே கருதுகிறேன்.

ஆகவே வளையத்துக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். மெல்லிய செம்புக் கம்பிகள் இரண்டை முறுக்கி, பென்சில் முனையில் வளைத்து, முனைகள் சற்றே விலகி நிற்குமாறு வெட்டிப் பொன்வண்ணம் பூசினேன். கேடயத்தை எபாக்ஸி புட்டியில் வார்த்து, அதைத் துளைத்துச் செல்லும் ஊசியைப் பேரரசர் உருவத்தின் காலுக்குள் செருகியதால், தாங்கும் வீரர்களின் கைகளில் அது அசையாமல் நிற்கிறது. கொடிகளில் சில தரையில், சில சாய்வில், ஒன்று மட்டும் முழுதாக நிமிர்ந்து இருக்கும்படி ஒட்டியிருக்கிறேன்.

வீரர் ஒவ்வொருவருக்கும் அனஸ்தாசியஸ் வாக்களித்தது ஐந்து பொற்காசுகளும் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியும். ஒரு காசு ஏறத்தாழ 4.5 கிராம் என்பதால், பொன் மட்டும் மூன்று சவரனுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளியோ 320 கிராமுக்கு மேல். அந்த எடைக்கு ஈயக்குண்டுகளைப் பையில் கட்டிக் கையில் ஏந்திப் பார்த்தபோது, அந்த வாக்குறுதி வீரர்களுக்கு எவ்வளவு பொருள்பட்டிருக்கும் என்பது நன்றாகவே விளங்கியது.

யூஃபீமியஸின் உருவத்தை மாடத்துக்குப் பின்னுள்ள அறையில் வைக்கப் போகிறேன்; அவர் முறை இன்னும் வரவில்லை. அடுத்த வேலை, தேரோட்ட அணிகளின் ஆதரவாளர்களான நீல, பச்சை அணியினரின் இருக்கை வரிசைகள்.